கலங்கலுக்குக் கீழே சிவப்பு வாசல்

மின்கோபுரங்களில் கம்பி இழுப்பது என் வேலை. ஒன்பதாம் வகுப்பின் பாதியில் பையை வைத்துவிட்டு லாரி ஏறியவன், அதன் பிறகு ஒரு இடத்தில் ஒரு வருடம் சேர்ந்தாற்போல இருந்ததில்லை. அந்த ஆண்டு நெல்லூருக்கு அந்தப் பக்கம் வேலை. கப்பியில் மாட்டி இடது கைச் சுண்டுவிரல் போனது. மேஸ்திரி கட்டுப் போட அழைத்துப் போனார், திரும்பி வரும் வழியில் டீ வாங்கிக் கொடுத்தார், மழையும் பிடித்துக்கொண்டது, ஊருக்குப் போய்விட்டு வா என்றார். வந்தேன்.

எங்கள் ஊர் சாலவாக்கத்துக்குப் பக்கம். உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ். நான் வந்து இறங்கியபோது ஏரி நிரம்பிக் கோடி போய்க்கொண்டிருந்தது. ஏரிக்கு மிஞ்சிய தண்ணீர் கலங்கல் என்கிற கல் அணையின் மேல் வழிந்து, படிபடியாக விழுந்து, கீழே ஓடையில் ஓடும். அதைத்தான் நாங்கள் கோடி போவது என்போம். நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை இப்படி நிறைவாகப் போகும். பூ, கற்பூரம், ஒரு ஆடு, எல்லாம் கலங்கலுக்குக் கொடுத்து முடித்திருந்தார்கள். கல்லில் மஞ்சள் இன்னும் ஒட்டியிருந்தது.

அடுத்த நாள் காலை ஒரு குட்டி யானை வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. மேலே இரண்டு ஆள் நீளத்துக்கு மஞ்சளாக ஒன்று துணி சுற்றிக் கட்டியிருந்தது. குழாயடியில் நின்ற கிழவர் ஒருவர் குடத்தைக் கீழே வைத்தார்.

"ஐஸ் பொட்டி எந்த வூட்டுக்குப்பா போவுது? யாருக்கு இன்னா ஆச்சு?"

"யாருக்கும் ஒன்னும் ஆவல தாத்தா, இது படகு" என்றபடி முன்பக்கத்திலிருந்து இறங்கினாள் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிற பெண்.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா இல்லை. அம்மா நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போய் வளர்த்தார். பள்ளியில் நன்றாக ஓடுவாள், அந்த ஓட்டத்தை வைத்து வடக்கே ஒரு காவல் படையில் வேலை கிடைத்தது. அங்கே மலை ஆறு ஒன்றின் கரையில் இவளை நிறுத்தி, தோள் நன்றாக இருக்கிறது என்று படகில் உட்கார வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. இப்போது அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுத்திருந்தது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. விடுப்பு எடுத்து வந்திருந்தாள். விடுப்பு முடிந்ததும் நேராகப் படையின் படகு அணிக்கான தேர்வுப் போட்டிக்குப் போக வேண்டும். முதல் நான்கு பேருக்குப் படகு. மற்றவர்கள் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கேட்டில் காவல் நிற்கத் திரும்ப வேண்டியதுதான்.

"அது ஒன்னும் கெட்ட வேல இல்லண்ணா" என்றாள் என்னிடம். "சம்பளம் அதேதான். ஆனா தண்ணி கெடையாது."

மற்றவர்கள் எல்லாரும் அந்த மலை ஆற்றில் தினமும் பழகிக்கொண்டிருந்தார்கள். இவள் இங்கே அம்மாவுக்குக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். கடற்கரைப் பக்கம் தெரிந்தவர் ஒருவரிடம் பழைய படகு ஒன்றை இரவல் கேட்டு வாங்கி வந்தது அதற்காகத்தான்.

எனக்கு வேலை இல்லை, கையில் கட்டு, தெருவில் இரவல் வாங்கிய பைக் ஒன்று இருந்தது. தண்ணீர் பார்க்க அவளைப் பின்னால் உட்கார வைத்துப் போனேன். ஓரிக்கையில் பாலாற்றைப் பார்த்தோம். மாகறலில் செய்யாற்றைப் பார்த்தோம். இரண்டிலும் வெள்ளம்தான். எனக்குப் பார்க்கவே வயிறு நிறைந்தது. அவள் கரையிலேயே நின்று உதட்டைப் பிதுக்கினாள்.

"அகலமா போவுது. கோவமே இல்ல இதுக்கு."

கடைசியில் கோபமான தண்ணீர் எங்கள் ஊரிலேயே இருந்தது. கலங்கலுக்குக் கீழே ஓடை குறுகலாக இறங்குகிற இடத்தில், ஒரு வருடம் கரை அரித்தபோது குவாரியிலிருந்து பெரிய பெரிய கற்களைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். பாதிக் கற்கள் உருண்டு ஓடைக்குள் கிடந்தன. தண்ணீர் அவற்றின் மேல் மோதி வெள்ளையாகச் சிதறியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல்லுக்குப் பார்வையை ஓட்டிக்கொண்டே நின்றாள். வீட்டுக்குப் போகலாமா என்று நான் கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

அங்கேதான் ஒரு விஷயத்தை முதல் முறையாகப் பார்த்தேன். முப்பத்தெட்டு வயது வரை எத்தனையோ ஆற்றைத் தாண்டியவன், ஆற்றின் மேல் கம்பி இழுத்தவன், பார்த்ததில்லை. அவள் ஒரு வேப்பங்குச்சியை ஒடித்து, பெரிய கல் ஒன்றுக்குப் பின்னால் வீசினாள். குச்சி கீழே போகவில்லை. மெதுவாக, கல்லை நோக்கி மேலே ஏறி வந்தது. எல்லாத் தண்ணீரும் கீழே ஓடுகிறது, அந்தக் கல்லுக்குப் பின்னால் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் மேலே போய்க்கொண்டிருந்தது.

"கல்லு இருந்தா பின்னாடி தண்ணி திரும்பும்ணா. அதுல பூந்து நின்னுக்கலாம், திரும்பி மேல ஏறலாம். இந்த ஆட்டமே அதுலதான் கீது."

ஆட்டம் இதுதான். தண்ணீருக்கு மேல், நுனி தண்ணீரைத் தொடாத உயரத்தில், ஜோடி ஜோடியாகக் கம்புகள் தொங்கும். அவள் கேட் என்றாள், ஊர் அதை வாசல் என்று சொல்லத் தொடங்கியது. பச்சை வாசலுக்குள் தண்ணீரோடு இறங்கிப் போக வேண்டும். சிவப்பு வாசலைத் தாண்டிக் கீழே போய், திரும்பி, தண்ணீரை எதிர்த்து ஏறி உள்ளே வர வேண்டும். கம்பைத் தொட்டால் இரண்டு நொடி கூட்டுவார்கள். வாசலை விட்டுவிட்டால் ஐம்பது. யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவர்களுக்கு வெற்றி.

கயிறு கட்டுவது என் பொறுப்பாயிற்று. ஒரு கரையில் பனைமரம், எதிர்க் கரையில் புங்கமரம், மரம் இல்லாத இடத்தில் நட்ட மூங்கில். கோபுரத்துக்குக் கோபுரம் கம்பி இழுத்தவனுக்கு இது விளையாட்டு. ஒன்பது விரலோடும் செய்யலாம். கம்புக்கு எலக்ட்ரிக் வேலைக்கு வாங்கும் குழாயை வெட்டினோம். சிவப்புக்கும் வெள்ளைக்கும் கோவில் சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் கிடைத்தது, பச்சை மட்டும் வாங்கினோம். பட்டை பட்டையாக அடித்துத் தொங்கவிட்டதும், களை எடுத்துவிட்டு வந்த பெண்கள் ஓடைக் கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தினமும் அம்மாவுக்கு நாஷ்டா கொடுத்து, மாத்திரை கொடுத்து, துணி அலசிப் போட்டுவிட்டுப் படகைத் தோளில் வைத்துக்கொண்டு வருவாள். அது ஒரு மூட்டை சிமெண்டில் கால் பங்கு எடைகூட இருக்காது. இடுப்பில் ரப்பர் பாவாடை ஒன்று மாட்டி, அதன் விளிம்பைப் படகின் வாயில் இழுத்து மூடிவிட்டால் அவளுக்கு இடுப்புக்குக் கீழே படகுதான். நான் புரிந்துகொண்ட வரையில் அவள் அதை ஓட்டவில்லை, உடுத்தியிருந்தாள்.

பிரச்சினை மூன்றாம் நாளோ நான்காம் நாளோ வந்தது. ஒரு கல்லில் பட்டுப் படகு கவிழ்ந்தது. மேலே படகின் மஞ்சள் வயிறு, அவள் தலைகீழாகத் தண்ணீருக்குள். எதிர்க் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் போட்ட சத்தத்தில் கொக்கெல்லாம் எழும்பிப் போயின. வரப்பில் வந்துகொண்டிருந்த ஒருவர் லுங்கியோடு குதித்துவிட்டார். அதற்குள் அவள் இடுப்பை ஒரு வெட்டு வெட்டி, துடுப்பால் தண்ணீரைத் தட்டி, மூக்கைச் சிந்திக்கொண்டு மேலே வந்துவிட்டாள். குதித்தவரைத்தான் நாங்கள் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

இதை ஏரிப் பாசனச் சங்கத்தின் தலைவர் கரையிலிருந்து பார்த்துவிட்டார். ஏரிக்குக் கீழே நல்ல நிலமெல்லாம் அவர் குடும்பத்தினுடையது. அவள் அம்மா வாழ்நாள் முழுக்க நாற்று நட்டது அந்த நிலத்தில்தான். அறுபதைத் தாண்டியவர், சத்தமாகப் பேசுவார், மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார்.

"தா பொண்ணு, தெனமும் இப்பிடித்தான் கவுந்துக்கினு கீறியா?"

"அது பயக்கம்தாங்கய்யா. கவுந்தா எய்ந்துக்கணும்."

"கல்லுல மண்ட பட்டா?"

"அதுக்குத்தான் ஹெல்மெட்டு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அவருடைய முகத்தில் என்ன ஓடியது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்குத் தையல் பிரிக்கிற நாள் வந்தது. அவளும் நானும் அம்மாவை ஆட்டோவில் வைத்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வரிசையில் நின்று, மதியத்துக்கு மேல் திரும்பினோம். அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு அவள் படகைத் தூக்கிக்கொண்டாள். ஓடையை நெருங்க நெருங்க எனக்கு ஏதோ குறைந்தது போல இருந்தது. பிறகுதான் புரிந்தது, இரைச்சல் இல்லை.

கரையில் ஒரு பொக்லைன் நின்றது. கால்வாய் தூர் வார வந்த வண்டி. அதைச் சுற்றிச் சங்கத்து ஆட்கள் பத்துப் பேர், வேட்டியெல்லாம் சேறு. ஓடைக்குள் ஒரு கல் இல்லை. எல்லாக் கல்லும் கரைமேல் வரிசையாக, ஈரமாக உட்கார்ந்திருந்தன. ஓடையில் தண்ணீர் வழித்துவிட்டாற்போல, ஒரு சுளிப்பில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

தலைவர் கைகளை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் எனக்கு என்னவோ செய்கிறது.

"இனிமே பயமே இல்லம்மா. எவ்ளோ வேகமா ஓணா போ. ஒரு கல்லு உடல."

அவள் படகைக் கீழே இறக்கினாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு படகின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். விடுப்பில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. மழை நின்றுவிட்டிருந்தது, ஏரியும் இறங்கத் தொடங்கும். தலைவரை எதிர்த்து அவள் ஒரு சொல் சொல்லிப் பழக்கமில்லை. அவள் அம்மாவுக்கும் இல்லை.

"இன்னாம்மா, ஒன்னும் சொல்லமாட்ற?"

"நல்லா... நல்லா சுத்தமா எடுத்துக்கிறீங்கய்யா" என்றாள். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

நான்தான் வாயைத் திறந்தேன். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கல் வேண்டும் என்றேன், கல் இல்லாமல் ஆட்டம் இல்லை என்றேன். "கல்லுல மோதறதா ஆட்டம்?" என்று ஒருவர் சிரித்தார். அவள் எழுந்து வந்து, கரையோரத்தில் ஒரு செங்கல்லைத் தண்ணீருக்குள் நட்டு வைத்தாள். அதற்குப் பின்னால் ஒரு வேப்பிலையைப் போட்டாள். இலை திரும்பி மேலே வந்து செங்கல்லை முட்டியது. இன்னொரு இலை போட்டாள். அதுவும் ஏறி வந்தது. பத்துப் பேரும் குனிந்து பார்த்தார்கள். தலைவர் தானே ஒரு இலையைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தார்.

"அந்த எடத்துலதான்யா நான் நிக்கறது. அங்க பூந்து, திரும்பி, மேல ஏறணும். போட்டில பாதி அதான். கல்ல எடுத்துட்டா எனக்கு நிக்க எடமே இல்ல."

தலைவர் நிமிர்ந்தார்.

"இத்த மின்னாடியே சொல்லக்கூடாது?"

"நீங்க கேக்கலியேய்யா."

"கேக்கல, சரி. நீ வாயத் தொறந்து சொல்றது? ஓடையில எல்லாரையும் பயங்காட்டிக்கினு கவுந்து கவுந்து எய்ந்தா நாங்க இன்னான்னு நெனைக்கிறது?" பிறகு பொக்லைன்காரர் பக்கம் திரும்பினார். "யோவ், வண்டிய எடுக்காத. எல்லாம் திரும்பிப் போடு."

"சாயங்காலம் நான் அடுத்த ஏரிக்குப் போவணும் சார். பேஜார் பண்ணாதீங்க."

"சாயங்காலத்துக்கு இன்னும் நேரம் கீது. போடு."

போடுவது சரி. எந்தக் கல் எங்கே இருந்தது? உடனே சண்டை ஆரம்பித்தது. பெரிய கல் நடுவில் என்றார் ஒருவர், இல்லை, புங்கமரத்துப் பக்கம் என்றார் இன்னொருவர். எடுத்தவருக்கே நினைவில்லை. அவள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவள் முகம் மாறியது. அழுகை போய் வேறு ஏதோ வந்தது.

"எங்க ஓணா போடுங்க" என்றாள். "நான் பாக்கமாட்டேன். வூட்டுக்குப் போறேன். வாசலயும் உங்க இஷ்டத்துக்குக் கட்டுங்க, எவ்ளோ கஷ்டமா முடியுமோ அவ்ளோ கஷ்டமா."

போட்டியில் அப்படித்தானாம். வாசல்களை எங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. அந்தப் பாதையில் ஒரு முறைகூட ஓட்டிப் பார்க்கவிடமாட்டார்கள். கரையில் நடந்து கண்ணால் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். முதல் தடவை இறங்குவதே போட்டியில்தான். பழகின கல்லிலேயே பழகி என்ன பயன் என்று அவளுக்கே கொஞ்ச நாளாக உறுத்திக்கொண்டு இருந்திருக்கிறது. யாரைக் கேட்டுக் கல்லை நகர்த்துவது?

படகை அங்கேயே விட்டுவிட்டு உலை வைக்கப் போனாள்.

அதன் பிறகு நடந்ததுபோல ஒன்றை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. செய்தி பரவி எங்கள் தெரு ஆட்களும் வந்துவிட்டார்கள். சங்கத்து ஆட்களும் தெரு ஆட்களும் ஒரே ஓடைக் கரையில் நின்று, ஒரு பெண்ணுக்கு எப்படியெல்லாம் தொல்லை கொடுக்கலாம் என்று சேர்ந்து யோசித்தார்கள். பொக்லைன் ஒரு கல்லை இறக்கும். எல்லாரும் இலையைக் கிள்ளிப் போடுவார்கள். "ஏறுது, ஏறுது!" "எங்க ஏறுது, சுத்திக்கினு கீது பாரு." "கொஞ்சம் தள்ளிப் போடுய்யா." ஐந்தாவது கல்லில் பொக்லைன்காரர் அடுத்த ஏரியை மறந்துவிட்டார். தானே இறங்கி வந்து இலை போட்டுப் பார்த்துவிட்டு ஏறிப் போனார். ஓடைக்கு மெல்ல மெல்ல இரைச்சல் திரும்பியது.

நான் கயிறுகளில் வாசல்களைக் கட்டினேன். சொல்வதற்கு ஆள் அதிகம். கடைசிச் சிவப்பு வாசலுக்குத் தலைவர் இடம் பார்த்தார். பெரிய கல்லுக்குப் பின்னால், எதிர்க் கரையை ஒட்டி, இரண்டு முழ அகலத்துக்குத்தான் தண்ணீர் மேலே ஏறியது. அதற்கு இந்தப் பக்கம் ஓடையின் முழு வேகமும் போய்க்கொண்டிருந்தது.

"இங்க கட்டு."

"முடியாதுங்கய்யா இதுல. படகு நீளமே கொள்ளாது."

"கஷ்டமா கட்டச் சொன்னா இல்ல? கட்டு."

கட்டினேன். கட்டியபோது அவருக்கே கொஞ்சம் மனது கேட்கவில்லை போலிருக்கிறது. "கையி எட்டலன்னா உட்டுடட்டும், ஒன்னும் சொல்லமாட்டோம்" என்றார்.

அவள் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கரையில் ஒரு முறை மேலிருந்து கீழே நடந்தாள். ஒவ்வொரு வாசலுக்கும் நின்றாள். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மேலே போய், கண்ணை மூடிக்கொண்டு, கைகளைக் காற்றில் துடுப்புபோல இப்படியும் அப்படியும் திருப்பினாள். தோள் சாய்ந்தது, நிமிர்ந்தது, தலை ஒரு பக்கம் வளைந்தது. உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. 

"சாமி வந்துடுச்சா?" என்று ஒரு பெண் என் காதில் கேட்டாள்.

"இல்லக்கா. வழிய மனப்பாடம் பண்ணுது."

ஆனால் எனக்கும் கொஞ்சம் உடம்பு சிலிர்த்திருந்தது. தண்ணீரில் இன்னும் இறங்கவில்லை, அந்த ஓடை முழுவதையும் அவள் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்று தோன்றியது.

இறங்கினாள். முதல் பச்சை, அடுத்த பச்சை. படகு ஒரு கம்புக்கு அடியில் போகும்போது அவள் உடம்பு கம்புக்கு வெளியே வளையும், தலை மட்டும் வாசலுக்குள் நுழைந்துவிடும். தலையும் படகில் கொஞ்சமும் உள்ளே போனால் கணக்காம். ஈரக் கம்பு அசையவில்லை. முதல் சிவப்பில் கல்லின் முதுகுக்குப் பின்னால் படகின் மூக்கைச் செருகினாள். அவ்வளவுதான், தண்ணீரே அவளைத் திருப்பி மேலே தூக்கிக் கொடுத்தது. ஒரு வீச்சு, வாசலுக்குள் ஏறி வெளியே வந்துவிட்டாள். கரையில் எல்லாரும் கூடவே ஓடினோம். சேற்றில் விழுந்தவரை யாரும் தூக்கவில்லை.

கடைசிச் சிவப்பு வந்தது. அவள் இந்தக் கரையோரமாக முழு வேகத்தில் இறங்கினாள். வாசல் எதிர்க் கரையில் இருந்தது. போய்விட்டாள், விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். தலைவர் "அய்யோ" என்றார். அந்த நொடியில் அவள் பின்னால் சாய்ந்து துடுப்பை ஒரே இடத்தில் ஊன்றினாள். படகின் வால் தண்ணீருக்குள் போயிற்று. மூக்கு மேலே எழும்பியது. மஞ்சள் படகு ஓடை நடுவில் கிட்டத்தட்ட செங்குத்தாக நின்று, நின்றபடியே திரும்பி, அந்த இரண்டு முழத் தண்ணீரின் மேல் விழுந்தது. நீளம் கொள்ளாத இடத்தில் நிமிர்த்தி நிறுத்திக் கொள்ளவைத்துவிட்டாள். அடுத்த வீச்சில் இரண்டு கம்புக்கும் நடுவில் அவள் முகம் இருந்தது. கம்பு இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

நான் கோபுர உச்சியிலிருந்து இடி விழுவதைப் பார்த்திருக்கிறேன். கூட வேலை செய்தவன் கீழே விழுந்து, எழுந்து உட்கார்ந்து பீடி கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓடைக் கரையில் வாயடைத்து நின்றதுபோல வேறெங்கும் நின்றதில்லை. கைதட்ட வேண்டும் என்பதே யாருக்கும் தோன்றவில்லை. கீழே, ஓடை ரோட்டைத் தாண்டும் சிறுபாலத்தருகே அவள் கரையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

முதலில் வாயைத் திறந்தவர் தலைவர். "பொக்லைனு எங்கப்பா? அந்த ரெண்டாவது கல்ல இன்னும் இந்தாண்ட தள்ளணும்."

வண்டி போய்விட்டிருந்தது. அடுத்த நாளிலிருந்து கடப்பாரை வைத்து நெம்பினார்கள். அவள் உலை வைத்து முடித்து வருவதற்குள் கல்லோ வாசலோ ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கும். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்த முகத்தோடு வருவார்கள். சில நாள் அவள் வாசலை விட்டுவிடுவாள், சில நாள் கம்பு படும். "பட்டுது, பட்டுது!" என்று எங்கள் ஆட்கள் கத்துவதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அம்மா மெல்ல நடந்து வந்து வரப்பில் உட்கார்ந்தார். மகள் கவிழ்ந்தபோது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார், எழுந்ததும் தலைவரைப் பார்த்துச் சொன்னார், வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படிப் பேசினார் என்று நினைக்கிறேன்: "இன்னாத்துக்குய்யா கொயந்தைக்கு இவ்ளோ நெருக்கமா கட்றீங்க?"

"அவதான் கேக்கறா. என்ன ஏன் திட்ற?"

தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்தது. கடைசி இரண்டு நாள் படகின் அடி தரை தட்டியது. பிறகு கலங்கல் காய்ந்தது, அவள் படகைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினாள். என் கையும் ஆறிவிட்டது. நான் நெல்லூர்ப் பக்கம் திரும்பினேன்.

செய்தி வந்தபோது கோபுரத்தின் இரண்டாவது குறுக்குக் கையில் உட்கார்ந்திருந்தேன். மேலே போன் எடுக்கக் கூடாது. எடுத்தேன்.

"நாலாவதுண்ணா" என்றாள். "ஒரு கம்பு பட்டுது. ஆனா நாலாவது."

"அப்ப படகு?"

"எங்கிட்டதான் கீது."

தலைவருக்கு அங்கிருந்தே நான்தான் சொன்னேன். அவளுக்கு அவரிடம் போனில் பேசக் கூச்சம். அவர் முதலில் சந்தோஷப்பட்டார், பக்கத்தில் யாரிடமோ சொல்லிக் கத்தினார். பிறகு மறுபடியும் போனுக்கு வந்தார்.

"நாலாவதுன்னா" என்று இழுத்தார், "இவளுக்கு மேல மூணு பொண்ணுங்க கீதுன்னா சொல்ற?"

"ஆமாங்கய்யா."

"இவள விடவா?"

"ஆமா."

"அந்தக் கல்லுக்குப் பின்னாடி அன்னிக்கு எய்ந்து நின்னாளே, அத்த விடவா?"

போனை வைத்துவிட்டு அந்த உயரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கீழே மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு மலை ஆற்றில், இதைவிட நெருக்கமான ஒரு வாசலுக்குள் ஏறுகிற மூன்று பெண்களை மனதில் கொண்டுவரப் பார்த்தேன். முடியவில்லை. அவள் வரைக்கும்தான் போக முடிந்தது.